இயக்க நரம்பணு நோயின் சமிக்ஞைப் பாதைகள்: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்திலிருந்து கீழக்கரை வரை கடற்பாசிக்குக் குறைவில்லை. ஆகையால் இக்கரையிலிருந்து முதுநிலை உயிரியல் படிக்க வருவோரில் யாரேனும் ஒருவர், கஞ்சிப்பாசியின் சாறோ கட்டக்கோரையின் சாறோ, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல அழியும் இயக்க நரம்பணு நோயில் அவற்றைக் காக்குமா என்ற கேள்வியை ஆண்டுதோறும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார். கேள்வியில் குறை காண ஒன்றுமில்லை. அதற்காகச் சமிக்ஞைப் பாதைகளை, அதாவது செல்லுக்குள் புரதத்திலிருந்து புரதத்துக்குச் செய்தி கடக்கும் வழிகளை, அணுகும் முறையில்தான் எங்கள் தலைமுறை செய்த பிழைகள் வரிசைகூட மாறாமல் திரும்ப வருகின்றன. கரைசலின் செறிவைத் தவறாகக் கணக்கிடுவது போன்ற சிறு பிழைகளை வழிகாட்டியே திருத்திவிடுவார் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லா நோயாளிக்கும் ஒரே பாதை என்று எண்ணுவது

இயக்க நரம்பணு நோய்களில் மிகுதியாகக் காணப்படும் ஏ.எல்.எஸ். (அமையோட்ரோஃபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ்), பத்தில் ஒருவருக்கே குடும்பவழியாக வருகிறது. முதலில் அடையாளம் காணப்பட்ட மரபணு 1993இல் வெளிவந்த எஸ்.ஓ.டி.1 என்பதால் பழைய ஆய்வுகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே அமைந்தன. ஆனால் நோயாளிகளில் பெரும்பான்மையோரின் நரம்பணுக்களில் திரள்வது 2006இல் கண்டறியப்பட்ட டி.டி.பி.-43 என்னும் புரதமாகும், எஸ்.ஓ.டி.1 சடுதிமாற்றம் உடையவர்களிடம் அந்தத் திரட்சி பொதுவாகக் காணப்படுவதில்லை. 1970இல் சென்னை மருத்துவர்கள் விவரித்த 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' இன்னும் வேறானது: இளம் வயதில் தொடங்கி, முகத் தசைகளையும் விழுங்கும் தசைகளையும் தளரச் செய்து, செவித்திறனையும் குறைத்து, மெதுவாக நகர்வது. தென்னிந்திய நோயாளிகளைப் பற்றி முன்னுரை எழுதுவோர் இதை ஏ.எல்.எஸ். பாதைப் படத்துக்குள் திணிப்பது எனக்கு விளங்காத துணிச்சல்.

மிகுந்திருப்பதையே காரணம் என்று கொள்வது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பாம்பனிலிருந்து வந்த ஒரு மாணவர், ஹைட்ரஜன் பெராக்சைடால் தாக்கப்பட்ட செல்களில் பாஸ்பேட் ஏறிய பி38 கைனேஸ் (செல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது செய்தி கடத்தும் நொதி) மிகுந்திருப்பதையும், கட்டக்கோரைச் சாறு சேர்த்தபின் அது குறைவதையும் புரத அளவைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் மிக நேர்த்தியாகக் காட்டினார், முடிவுரையில் 'ஏ.எல்.எஸ். நோய்க்கு மருந்தாகும்' என்றும் எழுதினார். எந்தச் செல் என்று கேட்டேன். "என்.எஸ்.சி.-34 தான், சார்" என்றார். அது சுண்டெலியின் தண்டுவடச் செல்லையும் நியூரோபிளாஸ்டோமா என்னும் நரம்புப் புற்றுச் செல்லையும் இணைத்து உருவாக்கிய, பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும் கலப்புச் செல். முதிர்ந்த இயக்க நரம்பணு பிரிவதே இல்லை. அதைச் சூழ்ந்திருக்கும் துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளும் பாதுகாப்புச் செல்களான மைக்ரோக்ளியாக்களும் அந்தத் தட்டில் இல்லை.

இவை இல்லாதது சிறு குறை அன்று. சடுதிமாற்றமுற்ற எஸ்.ஓ.டி.1 மரபணுவை இயக்க நரம்பணுக்களில் மட்டும் நீக்கியபோது சுண்டெலிகளில் நோய் தாமதமாகத் தொடங்கியது என்றும், மைக்ரோக்ளியாக்களில் நீக்கியபோது தொடக்கம் மாறாமல் அதன்பின் நோயின் வேகம் மட்டும் குறைந்தது என்றும் 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. 2014இல், அழற்சியைத் தூண்டும் என்.எஃப்.-கப்பா பி பாதையை மைக்ரோக்ளியாவில் தடுத்தபோது சுண்டெலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. அதே பாதையை ஆஸ்ட்ரோசைட்டில் தடுத்ததால் பயன் கிட்டவில்லை. எந்தச் செல்லில் என்று சொல்லாமல் 'பாதை தூண்டப்பட்டிருக்கிறது' என்று எழுதும் வாக்கியம் எதையுமே சொல்வதில்லை.

காலமும் அப்படியே. தவறாக மடிந்த புரதங்கள், செல்லுக்குள் புரதம் மடியும் இடமான எண்டோபிளாச வலையில் தேங்கும்போது பெர்க் என்னும் கைனேஸ், புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இ.ஐ.எஃப்.2 ஆல்பாவில் பாஸ்பேட்டை ஏற்றிப் புரத உற்பத்தியைத் தணிக்கிறது. தொடக்கத்தில் இது செல்லைக் காக்கும் ஏற்பாடு. நெடுநாள் நீடித்தால் சாப் என்னும் காரணி வழியாகச் சாவை நோக்கித் தள்ளுவதும் இதுவே. ஒரே ஒரு நேரத்தில் எடுத்த பிளாட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். காக்கும் சமிக்ஞையை அடக்குவதும் இதைப் போன்றதே: பாம்பன் துறைமுகத்தில் ஏறிய புயல் எச்சரிக்கைக் கூண்டை இறக்கிவிட்டால் புயல் திரும்பிப் போவதில்லை. கரையில் நின்றிருக்க வேண்டிய படகுகள் கடலுக்குப் போய்விடும்.

மினோசைக்ளின் இதற்குச் சான்று. மைக்ரோக்ளியாவின் கிளர்ச்சியையும் அதற்குள் பி38 செயல்படுவதையும் அடக்கிய இந்த நுண்ணுயிர்க்கொல்லி, எஸ்.ஓ.டி.1 சுண்டெலிகளின் ஆயுளை நீட்டியது. பின்னர் 412 நோயாளிகளிடம் நடந்து 2007இல் வெளியான சோதனையில், அதை உட்கொண்டவர்களின் உடல் இயக்கம் போலி மாத்திரை பெற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு வேகமாகக் குன்றியது. பயன் இல்லை என்பதோடு நிற்காமல் தீங்கே நேர்ந்தது.

அந்த மாணவரின் முடிவுரை எப்படியோ ஓர் உள்ளூர்ச் செய்தியானது. தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, அந்தப் பாசிச் சாறு எங்கே கிடைக்கும்? மகனுக்குக் கொடுக்கிற ரிலுசோல் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். 1995 முதல் புழக்கத்தில் உள்ள ரிலுசோல் ஆயுளைச் சராசரியாக இரண்டு மூன்று மாதங்களே நீட்டுகிறது. ஆனால் அது மனிதரிடம் மெய்ப்பிக்கப்பட்டது. மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று மாணவர் சொல்லிவிட்டார் என்பது ஒன்றே ஆறுதல்.

ஆகவே பி38ஐக் குறைத்தால் மட்டும் போதாது; பாதிக்கப்படாத செல்லில் அதை உயர்த்தினால் சேதம் உண்டாகிறதா என்றும் பார்க்க வேண்டும். சாற்றுடன் பி38ஐத் தடுக்கும் தனி மருந்தையும் சேர்த்து, சாற்றின் பயன் அப்பாதை வழியாகவே வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும். சாறு நேரடியாகப் பெராக்சைடையே அழித்துவிட்டால் பாதையைப் பற்றிப் பேச இடமே இல்லை. கடற்பாசிச் சாறுகளில் நான் முதலில் ஐயுறுவது இதையே.

மொத்தப் புரதத்தை அளக்காமல் விடுவது

பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் காட்டும் படம் முழுமையற்றது: பாஸ்பேட் ஏறுவது கூடியதா, அந்தப் புரதமே கூடியதா என்று அதில் தெரியாது.

சுண்டெலியின் மரபணுப் படிகளை எண்ணாமல் விடுவது

1994இல் உருவான ஜி93ஏ சுண்டெலி, சடுதிமாற்றமுற்ற மனித எஸ்.ஓ.டி.1 மரபணுவின் பல படிகளை (நகல்களை) சுமக்கிறது. தலைமுறைகளில் படிகள் குறைந்தால் நோய் தானாகவே தாமதமாகும்; அந்தத் தாமதம் மருந்தின் வெற்றியாகப் பதிவாகிவிடும். ஆண், பெண் வேறுபாட்டையும் ஒரே ஈற்றுக் குட்டிகளை மருந்துக் குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் பங்கிடுவதையும் கவனிக்க வேண்டும்.

குளூட்டமேட்டோடு நிறுத்திக்கொள்வது

நரம்பணுவைத் தூண்டும் குளூட்டமேட்டு மிகுவதே நோயின் முழுக் காரணம் என்போர், அதை அகற்றும் புரதத்தைக் கூட்டிச் சுண்டெலிகளில் பயன் தந்து மனிதரிடம் தோற்ற நுண்ணுயிர்க்கொல்லியான செஃப்ட்ரியாக்சோனின் வரலாற்றைப் படித்துவிட்டு வரவும்.

மரபணு தெரியாமல் மருந்தைப் பேசுவது

2023இல் அமெரிக்காவில் விரைவு ஒப்புதல் பெற்ற டோஃபர்சென், எஸ்.ஓ.டி.1 புரதத்தின் உற்பத்தியையே குறைக்கிறது. நரம்பணுச் சேதத்தின் அடையாளமான நியூரோஃபிலமென்ட் அளவு இரத்தத்தில் தாழ்ந்ததே அந்த ஒப்புதலுக்கு அடிப்படை. அந்தச் சடுதிமாற்றம் இல்லாத பெரும்பான்மையோருக்கு அது பொருந்தாது. முன்னுரையில் டோஃபர்செனைப் புகழ்ந்து எழுதிய மாணவரிடம் தேர்வாளர் முதலில் கேட்பது, அவர் பயன்படுத்திய செல்லில் அந்தச் சடுதிமாற்றம் இருக்கிறதா என்பதைத்தான்.