டஸ்கனி மலையூர்களும் ஒயின் தோட்டங்களும்: பயணிகள் சறுக்கும் இடங்கள்

இத்தாலியின் டஸ்கனி மாநில வரைபடத்தில் மோன்டெபுல்சானோ, பியென்சா என்ற மலையூர்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும். நடுவே 15 கிலோமீட்டர்கூட இல்லை. அதை நம்பி ஒரே நாளில் நாலு ஊர், இரண்டு ஒயின் தோட்டம் என்று திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம். தூரம் இங்கே பிரச்சினையே இல்லை. எல்லாம் குன்றின் உச்சியில் மதில் கட்டி உட்கார்ந்திருக்கும் ஊர்கள். அடிவாரத்தில் காருக்கு இடம் தேடி, கல் பாவிய ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து சதுக்கத்தை எட்டுவதற்குள் பாதி நேரம் போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு ஊர், ஒரு தோட்டம். அதற்கு மேல் வேண்டாம்.

பர்ஸைப் பதம் பார்ப்பது இசட்.டி.எல். என்ற மூன்றெழுத்து. பழைய ஊர்களின் உட்பகுதியில் வெளியாட்களின் வண்டி நுழையக் கூடாது என்பதற்கான பலகை அது. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் இருக்கும். தடுப்புக் கட்டையோ போலீஸ்காரரோ இருப்பதில்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். நீங்கள் ஊர் திரும்பி எல்லாம் மறந்த பிறகு, பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வரும். உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கு கார் வாடகைக்காரர் தனியாக ஒரு தொகை பிடிப்பார். வழி தெரியாமல் சுற்றி வந்து மறுபடி நுழைந்தால் மறுபடியும் அபராதம். போனில் வழி சொல்லும் குரலை நம்பாதீர்கள். விடுதி மதிலுக்குள் இருந்தால், வண்டி எண்ணை முன்கூட்டியே அவர்களிடம் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் அங்கே போதாது. கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச அனுமதியும் வாங்கிவிட வேண்டும்.

சரி, கார் வேண்டாம், ரயில் போதும் என்றால் அதிலும் ஒரு பொறி. மோன்டெபுல்சானோ பெயரில் ஒரு ஸ்டேஷன் உண்டு, ஆனால் ஊர் அங்கே இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி மலை மேல் இருக்கிறது. கியூசியில் இறங்கிப் பஸ் பிடிப்பதே வழக்கம். இன்னொரு மலையூரான சான் ஜிமிஞானோவுக்கு ரயிலே கிடையாது. போஜிபோன்சியில் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள். பக்கத்து மாநிலமான உம்ப்ரியாவின் ஓர்வியேட்டோ மட்டும் விதிவிலக்கு: ஸ்டேஷன் எதிரிலேயே இழுவை ரயில் ஏறி மேலே போய்விடலாம்.

ஒயினுக்கு வருவோம். தோட்டத்துக்குச் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது தவறு. சின்னக் குடும்பத் தோட்டங்களில் ருசி பார்க்க வைப்பவரும் திராட்சை பறிப்பவரும் ஒரே ஆளாக இருக்கலாம், அதுவும் செப்டம்பர் அறுவடையில் கேட்கவே வேண்டாம். அப்புறம் பெயர்க் குழப்பம். வினோ நோபிலே டி மோன்டெபுல்சானோ என்பது இந்த ஊரின் ஒயின், பெரும்பாலும் சாஞ்சொவேசே திராட்சையில் ஆனது. மோன்டெபுல்சானோ டி அப்ருட்ஸோவில் வருவது ஊர்ப் பெயரல்ல, திராட்சையின் பெயர். வேறு மாநிலத்துச் சரக்கு. இன்னொரு மலையூரான மோன்டால்சினோ போனவர்கள் அதன் பெயர்போன ஒயினான புருனெல்லோவுக்கே ஓடுவார்கள். அறுவடைக்குப் பிறகு ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் அது கடைக்கு வரும், விலையும் அப்படி. அதே திராட்சையில் அதே ஊரில் செய்யும் ரோஸோ டி மோன்டால்சினோ அடுத்த ஆண்டே வந்துவிடும். என்னைக் கேட்டால் மதியச் சாப்பாட்டுக்கு அதுவே போதும்.

ருசி பார்த்ததைத் துப்புவதை அங்கே யாரும் அவமரியாதையாக எடுப்பதில்லை. அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் அவசியம் துப்ப வேண்டும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவருக்கு அதற்குக்கூட அனுமதி இல்லை.

மதியம் இரண்டரைக்குப் பல சமையலறைகள் மூடிவிடும். ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி அடுப்பு. சுத்த சைவர்கள் கவனிக்க: பியென்சாவின் பெயர்போன பெகோரினோ சீஸுக்குப் பாலைத் திரிப்பது பெரும்பாலும் விலங்குக் குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட். பூண்டும் தக்காளியும் போட்ட பீச்சி பாஸ்தா கேளுங்கள். ரொட்டியில் உப்பு இருக்காது, மறந்துபோனார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கடைசிச் சறுக்கல், சான் ஜிமிஞானோவைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது. ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்த ஊர், இன்று 14 நிற்கின்றன. நடுப்பகலில் அவற்றுக்கடியில் நகரவே இடமிருக்காது. சுற்றுலாப் பஸ்கள் கிளம்பிய பிறகு, கிணற்றுச் சதுக்கத்துப் படிகளில் உட்கார்ந்துகொள்ள இடம் கிடைக்கும்.