பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் துரத்தாதீர்கள்: கடும் தொற்றில் செய்யும் தவறுகள்

டெங்கு நமக்குப் பழக்கிவிட்ட கேள்வி, "கவுண்ட் எவ்வளவு?" அதாவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை. ஐசியூ வாசலில் நிற்கும் உறவினர்கள் எந்த நோயாக இருந்தாலும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். செப்சிஸ் என்று சொல்லும் கடும் தொற்றில் அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் பெரிய தவறு.

உள்ளே நடப்பது இதுதான். தொற்று முற்றும்போது வெள்ளணுக்களில் ஒரு வகை, ரத்தம் உறைவதைத் தூண்டும் புரதத்தைத் தன் மேல் காட்ட ஆரம்பிக்கும். உறைதலுக்குக் கடிவாளம் போடும் ஆன்டித்ராம்பினும் புரோட்டீன் சி-யும் குறையும், உறைந்ததைக் கரைக்கும் வேலையும் மந்தமாகிவிடும். அதனால் சிறுநீரகம், நுரையீரல், விரல் நுனி என்று எல்லா இடத்திலும் மெல்லிய குழாய்களுக்குள் பொடிப்பொடியாக ரத்தம் உறைகிறது. இப்படி உறைந்தே பிளேட்லெட்டும் உறைதல் காரணிகளும் தீர்ந்துபோன பிறகுதான் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிகிறது, மூத்திரப் பையில் சிவப்பு தெரிகிறது. டாக்டர்கள் டிஐசி என்று சொல்வது இதைத்தான்.

இது புரியாததால் வரும் சண்டை ஒன்று உண்டு. "கவுண்ட் குறைஞ்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்கிற ஊசியை வயித்துல போடுறாங்களே!" ரத்தக்கசிவு இல்லாமல், கவுண்ட் ரொம்பவும் இறங்காமல் இருந்தால், படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் காலில் ரத்தம் கட்டியாக உறையாமல் தடுக்க அது தேவைப்படலாம். தடுக்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். ஆனால் ஹெப்பாரின் என்ற அந்த ஊசியை ஆரம்பித்து 5 முதல் 10 நாளுக்குள் கவுண்ட் பாதிக்கு மேல் சரிந்தால், அந்த மருந்தாலேயே இருக்குமோ என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தது, "பிளேட்லெட் ஏத்துங்க" என்று நச்சரிப்பது. ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் ஏற்றுவார்கள், கசிவு வரும் அபாயம் அதிகம் என்றால் 20,000. ரத்தம் போய்க்கொண்டிருந்தாலோ அறுவை சிகிச்சை என்றாலோ 50,000-ஐக் கணக்கில் வைப்பார்கள். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவும் அப்படித்தான், ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை அழகாக்க ஏற்றுவதில்லை.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டுவதும் ஆபத்து. ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் 200 முதல் 400 வரை இருந்தால் நார்மல் என்று அச்சடித்திருக்கும். தொற்றில் அது எகிற வேண்டிய பொருள், அந்த நேரத்தில் 220 என்று வந்தால் உள்ளே செலவாகிக்கொண்டிருக்கிறது என்றும் அர்த்தமாகலாம். உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துணுக்கான டி-டைமர் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கர்ப்பத்திலும்கூட ஏறும். அதனால்தான் பிளேட்லெட், டி-டைமர், புரோத்ராம்பின் நேரம் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற சோதனை), ஃபைப்ரினோஜன் நான்கையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 5 அல்லது அதற்கு மேல் வந்தால் டிஐசி என்று எடுத்துக்கொண்டு, மறுபடியும் மறுபடியும் பார்ப்பார்கள். சில சமயம் சோதனைக்கு ரத்தம் எடுத்து வைத்த டியூபுக்குள்ளேயே பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொள்வதால் மெஷின் குறைவாகக் காட்டும், அப்போது ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், வீட்டிலேயே நடக்கும் தவறு ஒன்று. காய்ச்சல், கவுண்ட் குறைவு, சரி டெங்குதான் என்று பப்பாளி இலைச்சாறு கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்துவது. உண்ணிக் காய்ச்சலிலும் எலிக்காய்ச்சலிலும் மலேரியாவிலும் கவுண்ட் இறங்கும். உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் புண் இருக்கலாம், வலிக்காது, அதனால் யாரும் காட்ட மாட்டார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரைக்கு மசியும் நோய் அது, தாமதித்தால்தான் ஐசியூ. உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி கேட்டு வாங்கிப் போடாதீர்கள், கவுண்ட் குறைந்தவருக்கு ஊசி போட்ட இடுப்பில் பெரிய ரத்தக்கட்டு வரலாம். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரினும் வேண்டாம்.

உறைதலை மட்டும் குறிவைத்தும் பார்த்தாகிவிட்டது. செப்சிஸுக்கென்று 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புரோட்டீன் சி மருந்து, பலன் நிரூபணமாகாததால் 2011-ல் சந்தையிலிருந்து போய்விட்டது. இன்றும் அடிப்படை வைத்தியம் சரியான ஆன்டிபயாடிக்கை சீக்கிரம் கொடுப்பது, சீழ் இருந்தால் எடுப்பது.

அட்டெண்டராக இருப்பவர் செய்ய வேண்டியது இரண்டு. நோயாளி இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ சாப்பிடும் ரத்தம் உறையாமை மாத்திரைகளின் சீட்டை முதல் நாளே கொடுத்துவிடுங்கள், கல்லீரல் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்புறம், விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, மலம் தார் போலக் கருத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள்.