கன்சோலில் மவுஸும் கீபோர்டும்: அடாப்டர் மாட்டி, செட் செய்வது எப்படி?

பிரவுசிங் சென்டரில் மவுஸ் பிடித்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிப் பழகிய கைக்கு, கண்ட்ரோலர் ஸ்டிக் லேசில் ஒத்துவராது. பாண்டியிலும் கடலூரிலும் இப்படி நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

கடைக்குக் கிளம்பும் முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் கேமுக்கு அடாப்டர் தேவைதானா? ஃபோர்ட்நைட், வார்ஸோன் மாதிரி சில கேம்களில் மவுஸையும் கீபோர்டையும் நேராகக் கன்சோலின் (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரி கேம் பெட்டியின்) யுஎஸ்பி போர்ட்டில் செருகினாலே போதும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 2018 நவம்பரிலேயே இந்த வசதி வந்துவிட்டது. செருகிப் பாருங்கள், வேலை செய்தால் காசு மிச்சம்.

வேலை செய்யவில்லை என்றால்தான் அடாப்டர். அது செய்வது இவ்வளவுதான்: மவுஸின் அசைவை ஸ்டிக்கின் அசைவாக மாற்றிக் கன்சோலுக்கு அனுப்பும். கன்சோலைப் பொறுத்தவரை நீங்கள் கண்ட்ரோலரில்தான் ஆடுகிறீர்கள்.

இதில் ஒரு நியாயப் பிரச்சினை இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. ஸ்டிக்கில் குறிவைப்பது கஷ்டம் என்பதால் கேம் கண்ட்ரோலர்காரர்களுக்குக் குறி உதவி தருகிறது. அடாப்டர் போட்டவருக்கு மவுஸும் கிடைக்கிறது, அந்த உதவியும் கிடைக்கிறது. எதிரில் வெறும் ஸ்டிக்கோடு ஆடும் பையனுக்கு இது தெரியவே தெரியாது. 2023-இல் ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற கேம், அடாப்டர் ஆட்களைக் கண்டுபிடித்து அவர்களின் கட்டுப்பாட்டைத் தாமதமாக்கத் தொடங்கியது. கால் ஆஃப் டியூட்டியும் அதே வருஷம் இவற்றின் மேல் நடவடிக்கை எடுத்தது. அதனால் கதை முறையிலும், தனியாக ஆடும் கேம்களிலும், சம்மதம் சொன்ன நண்பர்களோடும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தரவரிசைக்காக மற்றவர்களோடு மோதும் ரேங்க் ஆட்டத்தில் வேண்டாம்.

வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) என்று பெட்டியில் போட்டிருந்தால் அது பிஎஸ்5 கேமுக்கா, பிஎஸ்5-இல் ஓடும் பிஎஸ்4 கேமுக்கு மட்டுமா? பிஎஸ்4-இன் பழைய டூயல்ஷாக் 4 கண்ட்ரோலரை பிஎஸ்5 கேம்கள் ஏற்பதில்லை, அதை நம்பியிருக்கும் அடாப்டரும் அங்கே நின்றுவிடும். இரண்டு, எக்ஸ்பாக்ஸ் என்றால் புதிய அப்டேட்டில் ஓடுகிறதா? 2023 நவம்பரிலிருந்து அனுமதி இல்லாத துணைக்கருவிகளை எக்ஸ்பாக்ஸ் தடுக்கிறது.

சரி, மாட்டலாம். மவுஸ், கீபோர்டு, உங்கள் அசல் கண்ட்ரோலர் மூன்றையும் அடாப்டரில் செருகுங்கள், அப்புறம் அடாப்டரைக் கன்சோலில் செருகுங்கள். கண்ட்ரோலரை ஏன் மாட்ட வேண்டும் என்றால், இது அசல்தானா என்று கன்சோல் சோதிக்கும்போது பதில் சொல்வது அதுதான். பிஎஸ்4 என்றால் செட்டிங்ஸில் சாதனங்கள், கண்ட்ரோலர்கள், தொடர்பு முறை என்று போய் யுஎஸ்பி கேபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கண்ட்ரோலர் புளூடூத் வழியாக நேரே கன்சோலோடு பேசிவிடும். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் முதலில் யுஎஸ்பி முனையைத் துடையுங்கள். நம் கடற்கரை உப்புக்காற்று அதைச் சும்மா விடாது.

பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த கீபோர்டு வைத்திருக்கும் பாண்டிக்காரர்கள் இங்கே குழம்புவார்கள். நகர்வதற்கான டபிள்யூ, ஏ, எஸ், டி இருக்கும் இடத்தில் அதில் இஸட், க்யூ, எஸ், டி என்று அச்சாகியிருக்கும். கவலை வேண்டாம். கீபோர்டு அனுப்புவது எழுத்தை அல்ல, பட்டன் இருக்கும் இடத்தை. அடாப்டரில் டபிள்யூ என்று இருந்தால் இஸட்டை அழுத்துங்கள், முன்னால் நடப்பீர்கள்.

இனிதான் உண்மையான வேலை, இதில் அவசரப்பட வேண்டாம். மவுஸை எவ்வளவு தூரம் நகர்த்துகிறீர்களோ அவ்வளவு திரும்பும். ஸ்டிக் அப்படி இல்லை, எவ்வளவு சாய்க்கிறீர்களோ அவ்வளவு வேகத்தில் திரும்பும். அந்த வேகத்துக்கு ஒவ்வொரு கேமும் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதனால் கேமின் செட்டிங்ஸில் சென்சிடிவிட்டியை உச்சத்துக்கு ஏற்றுங்கள், டெட்ஸோனை (ஸ்டிக்கை லேசாக அசைத்தால் கேம் கண்டுகொள்ளாத பகுதி) கடைசி வரை குறையுங்கள், ஸ்டிக்கின் வளைவு வகை கேட்டால் லீனியர், அதாவது சாய்வுக்கு நேர் விகிதத்தில் வேகம், என்று வையுங்கள். அதிர்வை அணையுங்கள். அடாப்டரின் ஆப்பில் அந்த கேமின் பெயரில் இருக்கும் ப்ரொஃபைலை (அதற்கென்று தயாராக இருக்கும் அமைப்பை) ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு ஏற்ற வேகத்தை இனி அடாப்டரில் மட்டும் மாற்றுங்கள், கேமில் தொடாதீர்கள். மவுஸின் டிபிஐ-யை (அசைவை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்ற எண்ணை) கொஞ்சம் தூக்கி வைத்து அடாப்டரில் வேகத்தைக் குறைத்தால் சின்ன அசைவுகள் நயமாக வரும். டிவியில் படத்தின் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் இருந்தால் அதையும் போடுங்கள்.

கடைசியாகப் பயிற்சிக் களத்தில் ஒரு சோதனை. சுவரில் ஒரு கறையைக் குறிவைத்து, மவுஸை ஒரு சாண் வலப்பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். எங்கே நின்றது என்று பாருங்கள். பழைய இடத்துக்கு வந்து, அதே ஒரு சாணை வெடுக்கென்று நகர்த்துங்கள். இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் எல்லாம் சரி. வேகமாக நகர்த்தியது முன்னதாகவே நின்றுவிட்டால் கேமின் வேக வரம்பில் முட்டுகிறீர்கள். கேமில் சென்சிடிவிட்டி உச்சத்தில்தான் இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். உச்சத்தில் இருந்தும் அப்படியே என்றால் அது கேமின் எல்லை, விலை கூடின அடாப்டர் வாங்கினாலும் அதைத் தாண்ட முடியாது.