குடிநீர் வடிகட்டி வாங்கும் முன் குழாய்த் தண்ணீரை அறிந்துகொள்வது எப்படி

வீட்டில் குடிநீர் வடிகட்டி பொருத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கருவி நல்லது என்பதைத்தான். எதை நீக்க வேண்டும் என்று தெரியாதவரை அதற்கு யாராலும் சரியான விடை சொல்ல முடியாது. கிருமியைச் செயலிழக்கச் செய்யும் புற ஊதா விளக்கு ஈயத்தைத் தொடாது, குளோரின் வாடையை உறிஞ்சும் கரி உப்பை அப்படியே விட்டுவிடும். ஆகவே தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போவதே முறை.

முதல் சோதனைக்கு ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். பிடித்த தண்ணீர் பால்போல வெளுத்திருந்து, ஓரிரு நிமிடங்களில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழிதான், கவலை வேண்டாம். தொட்டியிலும் துணியிலும் செம்பழுப்புக் கறை விழுந்தால் இரும்பும், கருங்கறை விழுந்தால் மாங்கனீசும் காரணமாக இருக்கலாம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது கடினத்தன்மை. ஈயம், ஆர்செனிக், நைட்ரேட் ஆகிய மூன்றுக்கும் நிறமோ வாடையோ இல்லாததால் அவற்றை ஆய்வகத்தில்தான் கண்டறிய முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி லிட்டருக்கு ஈயம் 10 மைக்ரோகிராமையும், ஆர்செனிக் 10 மைக்ரோகிராமையும், நைட்ரேட் 50 மில்லிகிராமையும், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. 100 மில்லிலிட்டர் தண்ணீரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலி என்ற கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

மாதிரி எடுக்கும் விதம் தவறினால் முடிவும் தவறிவிடும். ஈயம் பெரும்பாலும் வீட்டுக் குழாயிலிருந்தும் பற்றவைப்பிலிருந்தும் கரைந்து வருவதால், குறைந்தது 6 மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காமல் இருந்து, காலையில் விழும் முதல் தண்ணீரையே பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய புட்டியில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, அன்றே சேர்த்துவிட வேண்டும். சொந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிப்பது அவசியம்.

விற்க வருபவர்களில் சிலர் இரண்டு தம்ளர்களில் தண்ணீர் வைத்து மின்கம்பிகளை இறக்கிக் காட்டுவார்கள். சில நிமிடங்களில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிச் சேறுபோலப் படியும், வடிகட்டிய தண்ணீர் தெளிவாகவே நிற்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைப் பார்த்துப் பயப்படாதவர் குறைவு. அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அன்று. கரைந்துள்ள சாதாரண உப்புகளின் வழியே மின்சாரம் பாய்வதால், கருவியின் இரும்புக் கம்பி அரித்துக் கரைந்து உண்டாக்கியது அது. தெளிந்த தம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடியும் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான்: மின்கடத்துதிறனைக் கொண்டு கரைந்த உப்பின் மொத்த அளவை மதிப்பிடுமே தவிர, கிருமியைக் காட்டாது, தீங்கு செய்யும் அளவு ஈயம் கலந்திருந்தாலும் அதன் எண்ணில் மாற்றம் தெரியாது. அந்த எண் (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 600க்குள் இருந்தால் சுவை பொதுவாக நன்றாக இருக்கும், 1000ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்பதற்கு மேல் அதிலிருந்து அதிகம் முடிவு கட்ட இயலாது.

சோதனை முடிவு கைக்கு வந்தபின் தேர்வு எளிது. குளோரின் வாடை மட்டுமே குறை என்றால் கரி வடிகட்டி போதும். கிருமி இருந்தால் புற ஊதா விளக்கு உதவும், ஆனால் கலங்கலான நீரில் கிருமிகள் துகள்களின் மறைவில் தப்பிவிடும் என்பதால் அதற்கு முன் நீரைத் தெளியவைக்க வேண்டும். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் ஆகியவை மிகுந்திருந்தால், நீரை மெல்லிய சவ்வின் வழியே அழுத்தி வடிக்கும் ஆர்ஓ கருவி பொருந்தும். அது சுண்ணாம்பு, மக்னீசியச் சத்துகளையும் சேர்த்தே நீக்கும், ஒரு பகுதித் தண்ணீரைக் கழிவாகவும் தள்ளும் என்பதால் தேவையில்லாத வீட்டில் அதை வைப்பது வீண் என்பதே என் கருத்து. கருவிக்கு என்எஸ்எஃப் என்ற அமெரிக்க அமைப்பின் தரச்சான்று இருந்தால் எண்ணைக் கவனியுங்கள்: 42 என்பது சுவைக்கும் வாடைக்கும் உரியது, 53 உடல்நலத்தைப் பாதிக்கும் பொருள்களுக்கு உரியது, 58 ஆர்ஓ கருவிக்கு உரியது. எந்தெந்தப் பொருளுக்காகச் சான்று பெற்றது என்ற பட்டியலில் உங்கள் வீட்டுக் குறை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கருவி வரும்வரை கிருமிக்கு அஞ்சினால், தண்ணீரைத் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் 3 நிமிடம். நைட்ரேட்டோ ஈயமோ இருக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி அவற்றின் செறிவு கூடும். அதைக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கப் பயன்படுத்தவே கூடாது.

பொருத்திய பின் வடிகட்டிய நீரையும் ஒருமுறை சோதனைக்கு அனுப்புங்கள். கரி நிறைந்துவிட்டால் உறிஞ்சாது, அதில் கிருமியும் வளரும். புற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். எனவே கார்ட்ரிட்ஜையும் விளக்கையும் மாற்றிய தேதியைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.