நித்தியகல்யாணி செல்லுக்கும் மூச்சு முட்டும்

“செடியோட செல்தானே, பாக்டீரியா மாதிரி காத்து கேட்காது” என்று சொல்லிக்கொண்டே நித்தியகல்யாணிச் செல்களை ஆய்வகத்தில் ஊடகத்தில் (சத்துக் கரைசலில்) வளர்க்கும்போது ஃப்ளாஸ்க்கில் பாதிக்கு மேல் அதை ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி உண்மைதான். ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். நித்தியகல்யாணி செல்லுக்கு நாள்கணக்கு ஆகும். ஆனால் 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனே சுமார் 8 மில்லிகிராம்தான். தீரத் தீர மேலே இருக்கும் காற்றிலிருந்து வந்தால்தான் உண்டு. 250 மி.லி. ஃப்ளாஸ்க்கில் 50 மி.லி.யோடு நிறுத்துங்கள். வாயை அலுமினியத் தாளால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

இந்தச் செல்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும். கொத்தின் நடுவில் இருப்பவை முதலில் திணறும். ராத்திரி கரண்ட் போய், ஃப்ளாஸ்க்கை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஷேக்கர் நின்றால், காலையில் எல்லாம் ஊறிய ரவை மாதிரி அடியில் படிந்திருக்கும். ஒரு குலுக்கு குலுக்கினால் பழையபடி கலங்கிவிடும். அதை நம்பி அந்த ஃப்ளாஸ்க்கின் அஜ்மாலிசின் (இந்தச் செல்கள் தரும் மருந்துப் பொருள்) அளவையும் சராசரியில் சேர்த்துவிடாதீர்கள். (புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினை இதில் தேடவே வேண்டாம். அதற்கு வேண்டிய மூலப்பொருளான விண்டோலின் இலையில் உருவாவது; இந்தச் செல் குழம்பில் கிடைக்காது.)

பயந்துபோய் ரியாக்டரில் (செல் வளர்க்கும் பெரிய கலத்தில்) காற்றை வாரி இறைப்பதும் தப்பு. அது செல்களே விடும் கார்பன் டை ஆக்சைடையும் எத்திலீன் வாயுவையும் துடைத்துக்கொண்டு போய்விடும். கழிவுதானே என்று தோன்றும்; ஆனால் இருட்டிலும் செல் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை இழுத்து, சுவாசத்தின் ஒரு கட்டமான கிரெப்ஸ் சுழற்சியில் குறையும் அமிலங்களை ஈடுகட்டுகிறது. அதனால்தான் உள்ளே விடும் காற்றில் அதைச் சிறிது கலப்பவர்களும் உண்டு.

அளப்பதில் வரும் குழப்பம் தனிக்கதை. சுவாசத்தை அடைக்கும் சயனைடு போட்ட பிறகும் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருந்தால், ஆக்சிஜனை அளக்கும் மின்முனை கெட்டுவிட்டது என்று கழற்றித் துடைக்க வேண்டியதில்லை. தாவர மைட்டோகாண்ட்ரியாவில் சயனைடுக்கு மசியாத மாற்று ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அதை அடைக்க சாலிசில்ஹைட்ராக்சாமிக் அமிலம் வேண்டும். அந்த வழியில் ஆக்சிஜன் செலவாகும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. கொஞ்சமே கிடைக்கும். மருந்து உற்பத்தியைத் தூண்ட மெத்தில் ஜாஸ்மோனேட்டோ பூஞ்சைச் சாறோ சேர்த்ததும் ஆக்சிஜன் சட்டென்று குறைந்தால், “மருந்து ஊறுது” என்று குதிக்கவும் வேண்டாம். அதில் ஒரு பங்கு ஹைட்ரஜன் பெராக்சைடாகப் போயிருக்கலாம்.

சுவாச அளவை ஈர எடையால் வகுப்பது கடைசித் தவறு. சர்க்கரை தீர்ந்த பிறகும் செல் தண்ணீர் குடித்து ஊதிக்கொண்டே போகும். உலர் எடையோ இறங்கும். சுவாசம் படுத்துவிட்டது போலக் கணக்கு காட்டும். வடிகட்டி, உலர்த்தும் அடுப்பில் காயவைத்து எடை போட ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.