காதை மட்டும் நம்பி எழுதும் ஆங்கிலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்றாட ஆங்கிலத்தில் நேரும் சொற்பிழைகளில் பல, இலக்கணம் தெரியாததால் வருவதில்லை. ஒரு சொல்லைக் காதால் மட்டும் கேட்டு, அது எழுத்தில் எப்படி நிற்கிறது என்று பாராமலேயே கையாளத் தொடங்குவதால் வருகின்றன. 'ஷுட் ஹேவ்' என்ற தொடர் பேச்சில் சுருங்கி 'ஷுடவ்' என்று ஒலிக்கிறது. அதைக் கேட்டே பழகியவர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் உட்பட, 'ஹேவ்' வர வேண்டிய இடத்தில் ஓ, எஃப் என்ற இரண்டெழுத்துச் சொல்லை எழுதிவிடுகிறார்கள். துணைவினை நிற்க வேண்டிய இடத்தை முன்னிடைச்சொல் பிடித்துக்கொள்வதால், அந்த வாக்கியம் இலக்கணப்படி நிற்கவே முடியாது. 'எப்படிப் பார்த்தாலும்' என்ற பொருள்தரும் 'இன்டென்ட்ஸ் அண்ட் பர்பஸஸ்' என்ற தொடர் 'இன்டென்சிவ் பர்பஸஸ்' ஆவதும் இவ்வாறுதான்.

தோற்ற ஒற்றுமை இதைவிட ஆபத்தானது, ஏனெனில் அங்கே வாக்கியம் பிழையின்றி நின்று பொருள் மட்டும் மாறிவிடுகிறது. 'டிஸ்இன்ட்ரஸ்டெட்' என்றால் சார்பற்றவர். 'அன்இன்ட்ரஸ்டெட்' என்றால் அக்கறையற்றவர். நீதிபதியை முதற்சொல்லால் குறிப்பது பாராட்டு, இரண்டாவதால் குறிப்பது குற்றச்சாட்டு. இன்று பலர் இரண்டையும் ஒன்றாகவே வழங்கினாலும், இந்த வேறுபாடு காக்கத் தக்கது என்பதே என் உறுதியான கருத்து.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுவோரிடம் தனியாக ஒரு பிழை உண்டு. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற பழக்கத்தால் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபவுட்' சேர்ந்துவிடுகிறது. அந்த வினை செயப்படுபொருளை நேரடியாகவே ஏற்கும். 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் மட்டுமே 'அபவுட்' பொருந்தும். 'ரிட்டர்ன்' என்பதிலேயே திரும்புதல் அடங்கியிருக்க, 'பேக்' சேர்ப்பதும் வேண்டாததே.

எனினும் பிழை என்று சுட்டப்படும் எல்லாமே ஒரே தரத்தவை அல்ல. 'சொல்லுக்குச் சொல் உண்மையாக' என்ற பொருள்தரும் 'லிட்டரலி' என்பதை வெறும் அழுத்தச்சொல்லாக ஆளும் வழக்கம் 1769 முதலே அச்சில் காணப்படுகிறது. அலுவல் கடிதத்தில் அதைத் தவிர்த்தால் போதும். எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூவர்', அளக்கக்கூடியவற்றுக்கு 'லெஸ்' என்ற விதியோ, 1770இல் ஆங்கிலச் சொல்வழக்கு பற்றி நூல் எழுதிய ராபர்ட் பேக்கர் தம் விருப்பமாகச் சொன்னதிலிருந்து வளர்ந்தது. எழுத்தில் அதைப் பின்பற்றுவது நல்லது. ஆனால் காலம், தொலைவு, பணம் ஆகியவற்றை, எண்ணால் குறித்தாலும், ஒரே அளவாகவே கொள்ள வேண்டும். ஆகவே 'லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்' என்பதே சரி. அதை 'ஃபியூவர்' என்று திருத்துவது இல்லாத பிழைக்குச் செய்யும் திருத்தமாகும்.