12 வரிப் பெறுகையை 5 வரியில் முடிப்பது எப்படி?

தர்க்கத்தில், தரப்பட்ட கூற்றுகளிலிருந்து விதிகளின்படி வரிவரியாக முடிவுக்குப் போவது இயற்கை உய்த்தறி முறை; அந்த வரிகளின் தொடர்தான் பெறுகை. இந்த முறையில் கொஞ்ச நாள் பெறுகை எழுதினால் ஒன்று உறைக்கும்: ஒரே நாலைந்து வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த வரிகளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அதுதான் வழிவந்த விதி. 1930களில் தர்க்கவியலாளர் கெர்ஹார்ட் கென்ட்சன் வகுத்த அடிப்படை விதிகளான நுழைப்பு (ஒரு தர்க்கக் குறியைக் கொண்டுவருவது), நீக்கல் (அதை எடுத்துவிடுவது) விதிகளால் முடியாத எதையும் இது செய்யாது. கைவலியைக் குறைக்கும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு விதியை நாமே செய்துபார்ப்போம். ப → க, ¬க இரண்டும் தரப்பட்டுள்ளன, ¬ப வேண்டும். (→ ‘எனில்’, ¬ ‘அல்ல’, ∨ ‘அல்லது’, ∧ ‘மற்றும்’. எடுகூற்று என்பது தரப்பட்ட வரி; எடுகோள் என்பது தற்காலிகமாக வைத்துப்பார்ப்பது, அதன் கீழ் வரும் வரிகளுக்கு | குறி. ப → க, ப இரண்டிலிருந்தும் க பெறுவது விதித்து விதித்தல்.)

1. ப → க (எடுகூற்று)
2. ¬க (எடுகூற்று)
3. | ப (எடுகோள்)
4. | க (1, 3: விதித்து விதித்தல்)
5. | முரண் (2, 4)
6. ¬ப (3–5: மறுப்பு நுழைப்பு)

இதுவே மறுத்து மறுத்தல் விதி. மோடஸ் டோலன்ஸ் என்றும் சொல்வார்கள். ப, க இரண்டும் வெறும் காலியிடங்கள். ப இருந்த இடத்தில் (ச ∧ ட) வந்தாலும் அதே ஆறு வரி அப்படியே நடக்கும். அதனால்தான் இனி இதை ஒரே வரியில் எழுத நமக்கு உரிமை உண்டு.

இதேபோல ப ∨ க, ¬ப இரண்டிலிருந்தும் க பெறுவது மறுத்து விதித்தல் விதி. இரண்டையும் சேர்த்து ஒரு கணக்கு:

1. ப ∨ க (எடுகூற்று)
2. ப → ச (எடுகூற்று)
3. ¬ச (எடுகூற்று)
4. ¬ப (2, 3: மறுத்து மறுத்தல்)
5. க (1, 4: மறுத்து விதித்தல்)

4ஆம், 5ஆம் வரிகளை அடிப்படை விதிகளாக விரித்துப் பாருங்கள். ∨ நீக்கலுக்கு இரண்டு துணைப்பெறுகை (எடுகோளின் கீழ் நடக்கும் உள்பெறுகை) தேவைப்படும்; மொத்தம் 12 வரி வரும். ஒரு தடவையாவது இதைக் கையால் எழுதிவிடுங்கள். விரிக்கத் தெரியாத விதியைப் பயன்படுத்துபவர்தான் தேர்வில் மாட்டிக்கொள்கிறார்.

எங்கே சறுக்கும்? (ப → க) ∨ ச என்ற வரியும் ¬க என்ற வரியும் இருக்கின்றன. உள்ளே ப → க தெரிகிறதே என்று ¬ப எழுதிவிடத் தோன்றும். கூடாது. ப உண்மை, க பொய், ச உண்மை என்று வைத்தால் இரண்டு வரியும் உண்மையாகும், ¬ப மட்டும் பொய்யாகும். இந்த விதி முழு வரிக்குத்தான் பொருந்தும், வரியின் துண்டுக்கு அல்ல.

இன்னொன்று நுணுக்கமானது. ப → ¬க, க என்று இருந்தால் மறுத்து மறுத்தல் நேராகப் பொருந்தாது. விதி கேட்பது ¬¬க. கண்டிப்பான ஆசிரியர் இதற்கு மதிப்பெண் குறைப்பார், குறைக்கவும் வேண்டும். க-விலிருந்து ¬¬க பெற ஒரு சிறிய துணைப்பெறுகை போதும்: ¬க என்று எடுகோள் வை, முரண் வரும், எடுகோளை விடுவித்து ¬¬க எழுது.

ஒரு விதியை நிறுவும்போது அதே விதியையோ, அதை நம்பி நிறுவிய வேறொன்றையோ உள்ளே இழுக்காதீர்கள். நிறுவிய வரிசையிலேயே ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் இந்தச் சுழல் வராது.

பயிற்சிக்கு: ப → க-விலிருந்து ¬க → ¬ப பெறுங்கள். மறுத்து மறுத்தலோடு நான்கே வரி. பிறகு திருப்பிப் போடுங்கள்: ¬க → ¬ப-விலிருந்து ப → க. இங்கே இரட்டை மறுப்பு நீக்கல் (¬¬க-விலிருந்து க) இல்லாமல் கடைசி அடி நகராது. எந்த வரியில் அது தேவைப்படுகிறது என்று குறித்துவையுங்கள்.